வரிசை எண் 412

படகு கேட்டோம்.
குலுக்கலில் சீப்பு வந்தது.
"வழுக்கைத் தலை ஓட்டெல்லாம் போச்சு" என்றான் தணிகாசலம்.
ஜெராக்ஸ் கடை அமலோற்பவம் அக்கா சிரிக்கவில்லை.
கைப்பையிலிருந்து தன் சீப்பை எடுத்து
எந்திரத்தின் கண்ணாடிமேல் கிடத்தி
பச்சைப் பொத்தானை அமுக்கினாள்.
ஒரு பல் உடைந்த எங்கள் சின்னம்
சூடாக வெளியே வந்தது.
அப்படியே ஆயிரம் எடுத்தோம்,
டோனர் தீரும்வரை.
கடைசி இருநூறு சாம்பல் நிறம்.

கட்சி இல்லை, கொடி இல்லை.
கடலூர் முதுநகரில் எங்கள் வார்டுக்கு
நாலு வருடமாக மூடாத ஒரு சாக்கடை இருந்தது.
அதற்கு அக்கா எழுதிய மனுக்கள் பதினாறு.
பதினாறையும் நகலெடுத்து வைத்திருந்தாள்,
தொழில் அப்படி.
"பதினேழாவது மனு நான்தான்" என்றாள்
வேட்புமனுவில் கையெழுத்திடும்போது.

வாக்காளர் பட்டியல் என் பொறுப்பு.
ஐஸ் கம்பெனியில் கட்டி எண்ணுகிற அதே பென்சில்.
நமக்குப் போடுவார் என்றால் டிக்,
போடமாட்டார் என்றால் புள்ளி,
"பார்க்கலாம்மா" என்றால் கேள்விக்குறி.
கேள்விக்குறிகளால் கறுத்துப்போனது பாகம் இரண்டு.
செத்தவர்களுக்குக் கோடு.
கோடு முக்கியம் என்று ஹபீபா சொல்லியிருந்தாள்,
செத்தவர்கள்தான் காலையிலேயே வந்து
ஓட்டுப் போட்டுவிட்டுப் போவார்களாம்.

தெற்கிலிருந்து காற்று திரும்பி
சிப்காட் நெடி ஊருக்குள் இறங்கிய ஒரு மாலை
சோனாங்குப்பத்தில் கடைசிச் சந்து.
"412. வீரபுத்திரன், த/பெ மண்ணாங்கட்டி" என்று வாசித்தேன்.
வலை உதறிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள்.
"இன்னொரு வாட்டி சொல்லு."
சொன்னேன்.
"எங்க இருக்காரு?"
"கடல்ல."
"எப்ப வருவாரு?"
பக்கத்து வீட்டுக்காரி என் முழங்கையைக் கிள்ளினாள்.

எட்டு வருடம்.
படகின் ஒரு பலகை கரை வந்ததாம்,
ஆள் வரவில்லை.
உடல் இல்லாததால் சான்று இல்லை,
சான்று இல்லாததால் பெயர் நீக்கம் இல்லை.
போனபோது முப்பத்தொன்று.
பட்டியலில் மட்டும் அவருக்கு
வயது ஏறிக்கொண்டே இருக்கிறது.
முப்பத்தொன்பது என்று போட்டிருந்தது.

பென்சிலை எடுத்தேன்.
அஞ்சலாட்சி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.
மீன் செதில் ஒட்டிய விரல்கள்.
"அடிக்காதம்மா.
அஞ்சு வருசத்துக்கு ஒருக்காதான்
வாசல்ல நின்னு அந்தப் பேரை யாராச்சும் கூப்புடுறாங்க."

சாக்கடையைப் பற்றி எதுவும் சொல்லாமல்
நோட்டீசைக் கொடுத்துவிட்டு வந்தேன்.
டிக்கும் இல்லை, புள்ளியும் இல்லை, கோடும் இல்லை.
ஹபீபா திட்டினாள்.
திட்டியது சரிதான்.

தேர்தலுக்கு முந்தைய இரவு
தெருவிளக்குகள் ஒருமணி நேரம் அணைந்தன.
கதவுகள் திறந்து மூடும் சத்தம் வரிசையாகக் கேட்டது.
எங்களிடம் கவர் இல்லை, சாம்பல் நிற சீப்புதான் இருந்தது.
காலையில் நிறையப் பேர்
என் முகத்தைப் பார்க்காமல் உள்ளே போனார்கள்.

நாலரை மணிக்கு,
பூத்தில் எனக்குத் தூக்கம் சொக்கும் நேரம்,
அலுவலர் உரக்கச் சொன்னார்: "412."
சலவைச் சட்டை, புதுச் செருப்பு,
இருபத்தைந்து வயதுகூட இராது.
சீட்டை நீட்டிக்கொண்டு நின்றான் வீரபுத்திரன்.

எழுந்துவிட்டேன்.
ஆட்சேபிக்க இரண்டு ரூபாய் கட்ட வேண்டும்.
பஸ்ஸுக்கு வைத்திருந்த நாணயத்தை மேசையில் வைத்தேன்.
"இவர் அவர் இல்லை."
"அப்ப அவர் எங்கம்மா?"
"கடலுக்குப் போயிருக்கிறார்."
"அப்பா பேரு என்ன தம்பி?" என்றார் அலுவலர்.
அவன் கூரையைப் பார்த்தான். போய்விட்டான்.
அன்று நாங்கள் உறுதியாகக் காப்பாற்றிய ஓட்டு
அது ஒன்றுதான்,
அதுவும் யாருக்கும் விழாத ஓட்டு.

எத்தனையில் தோற்றோம் என்று
இன்னும் கேட்கிறார்கள். பதினேழு.
கேள்விக்குறிகளை எண்ணிப் பார்ப்பதை நிறுத்திவிட்டேன்.
அக்கா மறுநாளே கடை திறந்தாள்.
பதினெட்டாவது மனு
இந்த முறை வென்றவர் பெயருக்கு.

புதுப் பட்டியல் நேற்று வந்தது.
மேலே மூன்று பேரை நீக்கியிருக்கிறார்கள்.
409. வீரபுத்திரன்.
வயது நாற்பது.